மின்சுற்றுப் பலகையில் துளையிட எந்த டிரில் பிட்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வீட்டிலேயே பெரிக் குளோரைடில் எட்ச் செய்த (வேண்டாத செம்பை அரித்தெடுத்த) கிளாஸ் எபாக்ஸி பலகையில், அதாவது கண்ணாடி இழையும் எபாக்ஸிப் பிசினும் சேர்ந்த பலகையில் துளையிடுவதற்காக, 0.8 மி.மீ. கார்பைடு பிட்டுகள் பத்து அடங்கிய பெட்டி ஒன்றை வாங்கினேன். சுவரில் துளையிடும் கை டிரில்லில் மாட்டிப் பார்த்தால், இரண்டு மூன்று துளைகளுக்குள் ஒவ்வொன்றாக ஒடிந்துபோகின்றன. தரமற்ற பிட்டுகளைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்களா? (பாலிடெக்னிக் மாணவர், திண்டுக்கல்)

பதில்: பிட்டின் தரத்தைச் சந்தேகிக்கும் முன், அதைப் பிடித்திருக்கும் இயந்திரத்தைப் பார்க்க வேண்டும். நீங்கள் விவரித்திருப்பது கார்பைடின் இயல்பான நடத்தையே. டங்ஸ்டன் கார்பைடு என்பது எஃகைவிட இரண்டரை மடங்குக்கும் மேல் விறைப்பானது. கண்ணாடி இழையை அறுத்தாலும் அதன் வெட்டு விளிம்பு எளிதில் மழுங்குவதில்லை. ஆனால், பக்கவாட்டில் சற்றே அழுத்தம் விழுந்தாலும் அது வளைந்து கொடுக்காமல் அப்படியே ஒடிந்துவிடும். கையில் பிடித்து இயக்கும் எந்த டிரில்லும் சிறிதளவாவது சாயத்தான் செய்யும் என்பதால், 0.8 மி.மீ. கார்பைடு பிட்டைக் கை டிரில்லில் மாட்டுவது பிட்டை வேண்டுமென்றே ஒடிப்பதற்குச் சமம்.

இதில் வேகத்துக்கும் பங்குண்டு. சுவரில் துளையிடும் டிரில் சுமையின்றி நிமிடத்துக்குச் சுமார் 3,000 சுற்றுகள், அதாவது நொடிக்கு 50 சுற்றுகள் சுழலும். 1.6 மி.மீ. தடிமனுள்ள பலகையை நீங்கள் அரை நொடியில் துளைத்துவிட்டால், பிட் அதற்குள் 25 முறைதான் சுற்றியிருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் அது 0.064 மி.மீ. ஆழத்துக்குப் பலகையைக் கடித்திருக்கும். நிமிடத்துக்கு 30,000 சுற்றுகள் சுழலும் சிறு டிரில்லில் இதே அரை நொடியில் 250 சுற்றுகள் முடிந்துவிடுவதால், ஒரு சுற்றுக்கான கடி 0.0064 மி.மீ. ஆகக் குறைந்துவிடுகிறது. அரை மில்லிமீட்டர் பருமன்கூட இல்லாத மையத் தண்டைக் கொண்ட ஒரு பிட்டுக்கு இந்தப் பத்து மடங்கு வேறுபாடு மிகப் பெரிது. பலகைத் தொழிற்சாலைகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சுற்றுகளில் துளையிடுவதன் காரணமும் இதுவே.

மூன்றாவதாக, பிட்டைக் கவ்விப் பிடிக்கும் சக்கின் ஆட்டம். பெரிய டிரில்லின் மூன்று தாடைச் சக்கு, பிட்டின் நுனியை மையத்திலிருந்து 0.1 மி.மீ. விலக்கிப் பிடிப்பது சாதாரணமாக நடக்கக்கூடியது. 10 மி.மீ. பிட்டுக்கு அது பொருட்டே இல்லை. 0.8 மி.மீ. பிட்டுக்கோ அது அதன் பருமனில் எட்டில் ஒரு பங்கு. இதைக் கண்ணாலேயே சோதித்துவிடலாம்: பிட்டை மாட்டி, நல்ல வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பின்னணியாக வைத்துச் சுழலவிடுங்கள். நுனி நின்றிருந்தபோது தெரிந்த அதே பருமனில் கூர்மையாகத் தெரிந்தால் நல்லது. மங்கலாக விரிந்து, இரட்டைக் கோடு போலத் தெரிந்தால் அந்தச் சக்கில் கார்பைடு பிட்டை மாட்டாதீர்கள்.

ஆகவே உங்கள் முன் இரண்டு வழிகள் உள்ளன. கையில் பிடித்துத்தான் துளையிடப் போகிறீர்கள் என்றால், ஹெச்எஸ்எஸ் எனப்படும் அதிவேக எஃகுப் பிட்டை வாங்குங்கள். அது சற்று வளைந்து கொடுக்கும், விலையும் குறைவு, கிளாஸ் எபாக்ஸியில் விரைவில் மழுங்கும் என்பதை மட்டும் ஏற்றுக்கொள்ள வேண்டும். கார்பைடுதான் வேண்டும் என்றால், பிட் செங்குத்தாக மட்டுமே இறங்கக்கூடிய ஒரு ஸ்டாண்டையும், காலெட் (பிட்டைச் சுற்றிலும் இறுக்கிப் பிடிக்கும் குழல்) வைத்த சிறிய டிரில்லையும் முதலில் தேடுங்கள். பிட்டுக்கு முன் ஸ்டாண்டுக்குச் செலவு செய்வதே சரியான வரிசை என்பது என் உறுதியான கருத்து. மீதமிருக்கும் பிட்டுகளைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். ஸ்டாண்டு கிடைத்ததும் அவை நன்றாகவே உழைக்கும்.

கேள்வி: சென்னை ரிச்சி தெருவில் பிளாஸ்டிக் வளையம் மாட்டிய பழைய கார்பைடு பிட்டுகள் மலிவாகக் கிடைக்கின்றன. வாங்கலாமா? (வானொலி பழுதுபார்ப்பவர், திருவள்ளூர்)

பதில்: தாராளமாக வாங்கலாம். பலகைத் தொழிற்சாலைகளில் ஒரு பிட் குறிப்பிட்ட எண்ணிக்கையில் துளைகளைப் போட்டதும் அதைக் கழற்றி நுனியை மீண்டும் தீட்டுகிறார்கள். அப்படிப் பலமுறை தீட்டப்பட்ட பிட்டுகள் கழிக்கப்பட்டுச் சந்தைக்கு வருகின்றன. வீட்டுத் தேவைக்கு அவற்றில் இன்னும் நிறைய உயிர் இருக்கும். ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கொண்டுபோய் நுனியைப் பாருங்கள்: இரண்டு வெட்டு விளிம்புகளும் ஒரே அளவில், மூளியில்லாமல் இருக்க வேண்டும். விளிம்பின் வெளி மூலை உருண்டையாகித் தேய்ந்திருந்தாலோ, கீறல் போல ஒரு சில்லு பெயர்ந்திருந்தாலோ, எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். வளையத்தின் நிறத்தைக் கொண்டு அளவை முடிவு செய்யாதீர்கள். நிறம் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். வளையத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணையே நம்புங்கள், அதுவும் அழிந்திருந்தால் வெர்னியரால் அளந்து பாருங்கள். அளக்கும்போது தாடையை அழுத்தி மூடினால் வெட்டு விளிம்பு சிதறும். தொட்டும் தொடாமலும் வைத்தாலே போதும்.

கேள்வி: 0.5 முதல் 1.4 மி.மீ. வரை பத்து அளவுகள் கொண்ட கலப்புப் பெட்டி நல்லதா, அல்லது தனித்தனியாக வாங்க வேண்டுமா? எந்தப் பாகத்துக்கு எந்த அளவு? (பவர் சப்ளை தயாரிக்கும் வாசகர், ஓசூர்)

பதில்: கலப்புப் பெட்டியில் நீங்கள் என்றுமே தொடாத 0.5, 0.6 அளவுகள் புதிதாகவே கிடக்கும். ஒவ்வொரு பலகையிலும் தேவைப்படும் 0.8 மட்டும் ஒன்றே ஒன்று இருந்து, அது முதலில் ஒடியும். எனவே தனித்தனியாகவே வாங்குங்கள். 0.8, 1.0, 1.3 என்ற மூன்று அளவுகள் இருந்தால், கால் வைத்த பாகங்களைக் கொண்டு செய்யும் பெரும்பாலான பலகைகளை முடித்துவிடலாம். பலகையைப் பெட்டியில் பொருத்தும் 3 மி.மீ. திருகுக்கு 3.2 மி.மீ. துளை வேண்டும், அதற்குச் சாதாரண எஃகுப் பிட்டே போதுமானது.

அளவைத் தீர்மானிக்கும் விதி எளியது: பாகத்தின் கால் எவ்வளவு பருமனோ, அதோடு 0.2 முதல் 0.3 மி.மீ. வரை கூட்டிக்கொள்ள வேண்டும். கால் வாட் ரெசிஸ்டரின் கால் 0.6 மி.மீ.க்கு மேல் போவது அரிது. 1என்4148 டயோடும், சாதாரண ஐசியின் கால்களும் ஏறத்தாழ அதே வகைதான். இவை எல்லாவற்றுக்கும் 0.8 பொருந்தும். 1என்4007 டயோடின் கால் 0.7 முதல் 0.9 மி.மீ. வரை இருப்பதால் 0.8 துளையில் சிலது நுழையும், சிலது நுழையாது, அதற்கு 1.0 போடுங்கள்.

கால் உருண்டையாக இல்லாமல் சதுரமாகவோ தட்டையாகவோ இருந்தால், பக்க அளவைப் பார்க்காமல் மூலைவிட்டத்தைக் கணக்கிட வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். 2.54 மி.மீ. இடைவெளியுள்ள பின் ஹெடரின் (வரிசையாக ஊசிகள் கொண்ட இணைப்பான்) ஊசி 0.64 மி.மீ. சதுரம், அதன் மூலைவிட்டம் 0.9 மி.மீ. ஆகிறது. 0.64 என்ற எண்ணைப் பார்த்து 0.8 பிட்டைப் போட்டவர், நாற்பது துளைகளையும் முடித்த பிறகுதான் ஹெடர் உள்ளே போகாததைக் காண்பார். அதற்கும் 1.0 தான் சரி. 7805 போன்ற ரெகுலேட்டரின் தட்டைக் கால்களுக்கும், திருகு வைத்த டெர்மினல் பிளாக்குக்கும் 1.3 போடலாம். 3 ஆம்பியர் 1என்5408 டயோடின் கால் 1.2 முதல் 1.3 மி.மீ. வரை பருமனானது என்பதால், பவர் சப்ளை செய்யும் உங்களுக்கு 1.5 மி.மீ. பிட் ஒன்றும் கூடுதலாக வேண்டியிருக்கும்.

எதற்கும் பெரிய துளையாகப் போட்டுவிட்டால் தொல்லையில்லை என்று நினைத்துவிடக் கூடாது. தொழிற்சாலைப் பலகையில் துளையின் உட்சுவரிலும் செம்பு படிந்திருக்கும். வீட்டில் செய்த பலகையில் பாகத்தின் காலைப் பிடித்துக்கொண்டிருப்பது பேடு எனப்படும், துளையைச் சுற்றியுள்ள செம்பு வளையம் மட்டுமே. 1.6 மி.மீ. பேடில் 0.8 துளை போட்டால், சுற்றிலும் 0.4 மி.மீ. செம்பு மிஞ்சும். அதே பேடில் 1.2 துளை போட்டால் 0.2 தான் மிஞ்சும். பிட் கொஞ்சம் விலகி இறங்கினால் ஒரு பக்கத்தில் செம்பே இருக்காது, ஈயம் பிடிக்கவும் இடமிருக்காது. ஆகவே வரைபடம் போடும்போதே, கையில் இருக்கும் பிட்டை மனத்தில் வைத்துப் பேடின் அளவைப் பெரிதாக்குவது நல்லது. ஐசிக்கு 1.8 முதல் 2 மி.மீ. பேடு வைத்தால் கைத் துளைக்குப் போதிய இடம் கிடைக்கும்.

அமெரிக்க எண் முறையில் அளவிட்ட பிட்டுகள் உங்களுக்குக் கிடைத்தால் குழம்ப வேண்டாம்: 67ஆம் எண் 0.81 மி.மீ., 65ஆம் எண் 0.89 மி.மீ., 60ஆம் எண் 1.02 மி.மீ. எண் கூடக் கூடப் பிட் மெலிந்துகொண்டே போகும்.

கேள்வி: தங்க நிறத்தில் டைட்டானியம் பூசிய பிட்டுகள் கார்பைடு போலவே உழைக்கும் என்று கடைக்காரர் சொல்கிறார். உண்மையா? (கல்லூரி ஆய்வக உதவியாளர், திருநெல்வேலி)

பதில்: இல்லை. அந்தத் தங்க நிறம் டைட்டானியம் நைட்ரைடு என்ற மெல்லிய பூச்சு; சில மைக்ரான் தடிமன்தான் இருக்கும். உள்ளே இருப்பது அதே ஹெச்எஸ்எஸ் எஃகு. இரும்பு, அலுமினியம் போன்றவற்றில் துளையிடும்போது அந்தப் பூச்சு உதவுகிறது. கண்ணாடி இழையோ வெட்டு விளிம்பைச் சாணை பிடிப்பது போலத் தேய்ப்பதால், விளிம்பில் பூச்சு விரைவில் போய்விடும். அதன்பின் அது மற்ற எஃகுப் பிட்டுகளைப் போன்றதே. விலை வேறுபாடு சில ரூபாய்தான் என்றால் வாங்குங்கள், அதற்கு மேல் கொடுக்காதீர்கள். கார்பைடை அடையாளம் காண ஒரு வழி சொல்கிறேன்: பிசிபி (மின்சுற்றுப் பலகை) கார்பைடு பிட்டின் தண்டு, நுனி எந்த அளவாக இருந்தாலும், பெரும்பாலும் 3.175 மி.மீ., அதாவது எட்டில் ஒரு அங்குலம் பருமனாகவே இருக்கும். மொத்த நீளம் 38 மி.மீ. அளவில் இருக்கும். நுனியும் தண்டும் ஒரே பருமனாக, மெல்லிய கம்பி போல இருந்தால், அது ஏறத்தாழ எப்போதும் எஃகுப் பிட்தான். அந்த மெல்லிய தண்டைப் பெரிய சக்கின் தாடைகள் முழுவதுமாகக் கவ்வுவதும் இல்லை. பின் வைஸ் எனப்படும், மெல்லிய பிட்டைக் கவ்வும் சிறு கைப்பிடியோ சிறிய காலெட்டோ தேவைப்படும்.

கேள்வி: துளையிட்ட பிறகு செம்பு மேலே எழும்பி, பேடு சில இடங்களில் பெயர்ந்துவிடுகிறது. துளையைச் சுற்றி வெள்ளை வளையமும் தெரிகிறது. துளைகளும் பேடின் நடுவில் விழுவதில்லை. பிட்டை மாற்ற வேண்டுமா? (மின்னணு ஆர்வலர், சென்னை)

பதில்: நீங்கள் கேட்டிருப்பவை மூன்று வெவ்வேறு குறைகள், அவற்றில் ஒன்றுக்குத்தான் பிட் நேரடிக் காரணம்.

வெள்ளை வளையம், மழுங்கிய பிட்டின் அடையாளம். கூர்மையான விளிம்பு கண்ணாடி இழையை வெட்டும். மழுங்கிய விளிம்பு அதை அழுத்தி நசுக்கும். நசுங்கும் இடத்தில் எபாக்ஸியும் இழையும் பிரிந்து, அந்தப் பிரிவுக்குள் ஒளி சிதறுவதால் வெளுப்பாகத் தெரிகிறது. கூடவே வேறு அடையாளங்களும் இருக்கும்: முன்பு தானாக இறங்கிய பிட்டை இப்போது அழுத்த வேண்டியிருக்கும், துளையைச் சுற்றிச் செம்பு ஒரு சிறு மேடாக எழும்பி, விரலால் தடவினால் பிசிறு குத்தும், பேப்பர் ஃபினாலிக் (பிசின் ஏற்றிய காகிதப்) பலகையாக இருந்தால் கருகும் வாடையும் வரும். இந்த அறிகுறிகள் தென்பட்டதும் பிட்டை மாற்றிவிடுங்கள். இன்னும் பத்துத் துளைதானே என்று தொடர்ந்தால், அந்தப் பத்துத் துளைகளிலும் பேடுகள்தான் பாழாகும்.

பேடு பெயர்வதற்கு, எந்தப் பக்கத்திலிருந்து துளையிடுகிறீர்கள் என்பதே முதல் காரணமாக இருக்கலாம். பாகங்கள் நிற்கும் பக்கத்திலிருந்து பிட்டை இறக்கினால், அது வெளியேறும்போது செம்பைக் கீழ்நோக்கித் தள்ளும். 35 மைக்ரான் தடிமனுள்ள செம்புப் படலம் பலகையோடு ஒட்டியிருப்பது பசையின் பலத்தில்தான். அடியில் தாங்கல் இல்லாவிட்டால் அது எளிதில் உரிந்து வந்துவிடும். எப்போதும் செம்புப் பக்கத்தை மேலே வைத்துத் துளையிடுங்கள். பலகைக்கு அடியில் சமதளமான எம்டிஎஃப் (அழுத்திய மரநார்ப் பலகை) துண்டு ஒன்றையோ, வீணான பழைய பலகை ஒன்றையோ வைத்து, இரண்டும் இடைவெளியின்றிப் படியும்படி அழுத்திப் பிடியுங்கள். அந்தத் தாங்கல் துண்டில் முன்பே துளை விழுந்த இடத்தின் மேல் மீண்டும் துளையிட்டால் தாங்கல் இல்லாதது போலத்தான். ஆகவே ஒவ்வொரு பலகைக்கும் அதைச் சற்று நகர்த்தி வையுங்கள்.

துளை நடுவில் விழாததற்குத் தீர்வு வரைபடத்திலேயே இருக்கிறது. பேடின் நடுவில் 0.3 அல்லது 0.4 மி.மீ. அளவுக்கு ஒரு சிறு புள்ளியைச் செம்பில்லாமல் விட்டால், எட்ச் செய்யும்போது அங்கே ஒரு குழி உண்டாகிவிடும். பிட்டின் நுனி அந்தக் குழிக்குள் தானாகவே அமர்ந்து, வழுக்காமல் இறங்கும். கைகேட் என்ற பலகை வரையும் மென்பொருளில் அச்சுக்கு அனுப்பும்போது துளைக் குறி என்ற தெரிவில் சிறிய குறி என்பதைத் தேர்ந்தெடுத்தால் இது எல்லாப் பேடுகளிலும் வந்துவிடும். உண்மை அளவு என்பதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். குழி பிட்டைவிடப் பெரிதாகவோ அதே அளவாகவோ இருந்தால், அது நுனியை நடுவுக்கு வழிநடத்தாது. குழியில்லாமல் ஏற்கெனவே எட்ச் செய்து முடித்த பலகையாக இருந்தால், கூர்மையான ஊசியால் பேடின் மையத்தைக் கையாலேயே அழுத்திக் குறியிடலாம். சுத்தியலால் தட்டிக் குறியிட வேண்டாம். பேப்பர் ஃபினாலிக் பலகை அதில் விரிசல் விடும்.

கேள்வி: எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு மின்னணு மன்றம் நடத்துகிறேன். அவர்களுக்குப் பாதுகாப்பான பிட்டும் பலகையும் எவை? (அறிவியல் ஆசிரியை, மதுரை)

பதில்: மாணவர்களுக்குக் கிளாஸ் எபாக்ஸி வேண்டாம், பழுப்பு நிறப் பேப்பர் ஃபினாலிக் பலகையே ஏற்றது. பிசின் ஏற்றிய காகிதத்தால் ஆனதாகையால் அதில் எஃகுப் பிட் மெதுவாகவே மழுங்கும், கண்ணாடித் தூசியும் எழாது. ஒரு மி.மீ. ஹெச்எஸ்எஸ் பிட்டைப் பின் வைஸில் மாட்டி, விரல்களால் திருகியே துளையிடலாம், எல்.இ.டி., ரெசிஸ்டர், டிரான்சிஸ்டர் என்று இருபது முப்பது துளைகளுள்ள பலகைக்கு அது போதும், பிட் பலகையை எப்படி வெட்டுகிறது என்பதையும் மாணவர் கையாலேயே உணர்வார். பேடை மட்டும் 2.5 மி.மீ. அளவுக்குப் பெரிதாக வரைந்து கொடுங்கள்.

மோட்டார் வைத்த டிரில்லைப் பயன்படுத்துவதாக இருந்தால் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் ஒருவரையும் அருகில் விடாதீர்கள். பார்த்துக்கொண்டு நிற்பவருக்கும் கண்ணாடி வேண்டும். கார்பைடு பிட் ஒடிந்தால் துண்டு எந்தத் திசையில் தெறிக்கும் என்று சொல்ல முடியாது. நீண்ட கூந்தலையும் துப்பட்டாவையும் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். பலகையை ஒரு கையில் ஏந்தி மறு கையால் துளையிடுவதை முற்றிலும் தடை செய்ய வேண்டும்.

பெரிய வகுப்புகளுக்குக் கிளாஸ் எபாக்ஸியைத் தர நேர்ந்தால், தூசியை வாயால் ஊதக் கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். நுண்ணிய கண்ணாடி இழைத் தூள் தோலில் அரிப்பையும் மூச்சுக்குழலில் எரிச்சலையும் உண்டாக்கும். முகக்கவசம் அணிந்து, ஈரத்துணியால் துடைத்தெடுத்து, அந்தத் துணியைப் பையில் கட்டிப் போட்டுவிடுவதே முறை.

கேள்வி: 3018 வகை சிறு சிஎன்சி (கணினி இயக்கும்) இயந்திரம் வைத்திருக்கிறேன். அதோடு வந்த பெட்டியிலிருந்த பிட்டுகளால் துளையிட்டால் துளை கரடுமுரடாக இருக்கிறது. (சிறு தொழில் முனைவோர், கோயம்புத்தூர்)

பதில்: பெட்டியில் இருப்பவை துளையிடும் பிட்டுகள்தானா என்று முதலில் பாருங்கள். அதே 3.175 மி.மீ. தண்டில், பலகையின் விளிம்பை வெட்டப் பயன்படும் ரௌட்டர் பிட்டுகளும், செம்பைச் சுரண்டும் வி வடிவ பிட்டுகளும் வருகின்றன. நிற வளையம் இவற்றிலும் இருக்கும். துளையிடும் பிட்டில் முறுக்கிய இரண்டு பள்ளங்கள் தெளிவாகத் தெரியும், நுனி கூம்பாக முடியும். ரௌட்டர் பிட்டில் குறுக்கும் நெடுக்குமாக வெட்டிய பற்கள் உடல் முழுவதும் இருக்கும், நுனி பெரும்பாலும் மீன் வால் போலப் பிளவுபட்டிருக்கும். அது பக்கவாட்டில் வெட்டுவதற்காகச் செய்யப்பட்டது. துளையிட்டால் சுவர் கரடுமுரடாகத்தான் வரும்.

சரியான பிட்டைப் போட்ட பிறகு வேகத்தைக் கவனியுங்கள். இந்த இயந்திரங்களின் மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 10,000 சுற்றுகள் வரையே எட்டும். ஒரு சுற்றுக்கு 0.02 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், கீழிறங்கும் வேகம் நிமிடத்துக்கு 200 மி.மீ. ஆகிறது. 0.8 பிட்டுக்கு அதில் பாதியிலிருந்து தொடங்கி, பிசிறு வருகிறதா என்று பார்த்துக் கூட்டுங்கள். மிக மெதுவாக இறக்குவதும் நல்லதன்று; வெட்டாமல் உரசிக்கொண்டே இருந்தால் பிட் சூடேறி மழுங்கும். பிட் பலகைக்குள் இருக்கும்போது இயந்திரம் பக்கவாட்டில் நகராதபடி, மேலே தூக்கும் உயரத்தைக் குறைந்தது 2 மி.மீ. வையுங்கள். பலகை நடுவில் வளைந்திருந்தால் அதற்கு மேலும் வேண்டும்.

கேள்வி: ஒடிந்த பிட்டின் நுனி துளைக்குள்ளேயே சிக்கிக்கொண்டால் எப்படி எடுப்பது? ஒடிந்த தண்டு எதற்காவது பயன்படுமா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: சிக்கிய துண்டின் மேல் வேறொரு பிட்டை வைத்துத் துளைக்க முயலாதீர்கள், கார்பைடை எஃகு வெட்டாது, இன்னொரு கார்பைடு பிட்டும் ஒடியும். பலகையைத் திருப்பிப் போட்டு, நுனி மறுபக்கம் எட்டிப் பார்த்தால் சிறு குறட்டால் பிடித்து, பிட் சுழலும் திசைக்கு எதிராக மெதுவாகத் திருகி இழுங்கள். நுனி மறுபக்கம் வரவில்லை என்றால், அந்தப் பக்கத்திலிருந்து அதே புள்ளியில் எஃகுப் பிட்டால் சிறிது துளைத்து, நுனி தென்பட்டதும் நிறுத்தி, மழுங்கிய ஊசியால் செம்புப் பக்கமாகத் தள்ளுங்கள். பேடில் விரலை வைத்து அழுத்திக்கொண்டு தள்ளினால் செம்பு உரியாது.

ஒடிந்த தண்டைப் பின் வைஸில் மாட்டினால், தவறுதலாக ஒட்டிக்கொண்ட இரண்டு டிராக்குகளுக்கு (செம்புப் பாதைகளுக்கு) நடுவிலுள்ள செம்பைச் சுரண்டிப் பிரிக்க அது மிகவும் உதவும். ஒடிந்த இடத்தின் கூரிய விளிம்பு செம்பை எளிதில் கீறும். கீறி முடித்த பின் மீட்டரை வைத்து இரண்டு டிராக்குகளுக்கும் இடையே தொடர்பு அறுந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு, அதன்பின் பாகங்களைப் பொருத்துங்கள்.